மீண்டும் வரும் விருந்தினர்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாத ஒருவர் புதியவராய் வாயிலில் வந்து நிற்கும்போது அவரை விருந்தினர் என்றனர் நம் முன்னோர். பழகியவர் உறவினர் ஆவார். நாள்தோறும் கடைக்கு வருபவர் வாடிக்கைக்காரர் ஆவார். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்னும் பழமொழியோ, விருந்தினர் நெடுநாள் தங்குதல் இருபாலார்க்கும் இடர் என்பதை நயமாக உணர்த்துகின்றது. ஆனால் மீண்டும் மீண்டும் வருபவரும், வரும்போதெல்லாம் பணம் கொடுத்துத் தங்குபவரும், அப்படியிருந்தும் விருந்தினர் என்றே அழைக்கப்படுபவருமாகிய ஒருவரை இக்காலம் படைத்திருக்கின்றது. ஹோட்டல்களில் அடிக்கடி தங்கும் பிரயாணியே அவர். அவருக்கு ஹோட்டல் செய்ய வேண்டிய கைம்மாறு யாது? இவ்வினாவுக்கு மேனாட்டு வரலாறு காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளை வரிசையாக நோக்குவோமாயின், இன்று பெரிய ஹோட்டல் கம்பனிகள் நடத்தும் புள்ளித் திட்டங்களின் குறை எங்கே இருக்கின்றது, அதனைத் திருத்தும் வழி எது என்பனவும் புலனாகும்.

நம்பித் தங்கத்தக்க விடுதிகள் அரிதாயிருந்த பழைய கிரேக்க உலகில், அயலூர் சென்றவருக்குப் பாதுகாப்பளித்தது விருந்து நட்பு என்னும் வழக்கமாகும். இதனைக் கிரேக்கர் ஸெனியா என்றனர். ஒருமுறை ஒரு வீட்டில் தங்கி உண்டவர் அவ்வீட்டாருக்கு என்றும் கடமைப்பட்டவர். அவ்வீட்டார் தம் ஊருக்கு வரும்போது அதே உபசாரத்தை அவர் திருப்பிச் செய்தல் வேண்டும். இக்கடமை மக்களுக்கும் பேரர்க்கும் வழிவழியாக வந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில், டியோமிடீஸ், கிளாக்கஸ் என்னும் வீரர் இருவர் எதிரெதிர்ப் படைகளில் நின்று பொருத வருகின்றனர். தம் பாட்டன்மார் காலத்தில் விருந்து நட்பு இருந்ததை அறிந்ததும், அவர்கள் போரை விடுத்துக் கைகோத்துக் கொள்கின்றனர்.

தலைமுறை கடந்த நட்பை முகம் பார்த்து அறிதல் இயலாது. ஆகவே ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஏதேனும் ஒரு பொருளை இரண்டாக முறித்து, விருந்தளித்தவர் ஒரு பாதியையும் விருந்தினர் மறுபாதியையும் வைத்துக்கொண்டனர். பின்னொரு நாள் இரு பாதிகளும் பொருந்துமாயின் உரிமை மெய்ப்பட்டது. இவ்வடையாளத்தைக் கிரேக்கர் ஸிம்போலன் என்றனர். ஒன்று சேர்த்தல் என்னும் பொருளுடைய வினையிற் பிறந்த அச்சொல்லே ஆங்கிலத்தில் சிம்பல் என வழங்குகின்றது. உரோமரிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. அவர் இட்ட பெயர் தெஸ்ஸரா ஹொஸ்பிதாலிஸ் என்பதாகும். நாடகாசிரியர் பிளாட்டஸ் இயற்றிய ஒரு நாடகத்தில், கார்த்தேஜ் நகரத்து முதியவர் ஒருவர் இத்தகைய அடையாளத்தைக் காட்டியே அயல்நாட்டில் தம் நண்பர் குடும்பத்தாரிடம் உரிமை பெறுகின்றார். இலத்தீன் மொழியில் ஹொஸ்பெஸ் என்னும் ஒரே சொல் விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் குறிக்கும். ஹோட்டல் என்னும் சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கு நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. அடையாளத்தின் ஒரு பாதி ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. ஒருவர் தம் பாதியைத் தம் விருப்பப்படி செதுக்கினால் அது மற்றப் பாதியோடு பொருந்தாது போய்விடும். உறவின் நிபந்தனையை ஒருவர் மாத்திரம் தனித்து மாற்ற இயலாதபடி அவ்வடையாளமே காவலாயிருந்தது.

பணம் பெற்று இடமளிக்கும் விடுதிகள் பெருகிய காலத்தில், முறிந்த பாதியின் இடத்தை விடுதிக்காரரின் ஞாபகம் பெற்றுக்கொண்டது. இக்கலையில் தலைசிறந்து விளங்கியவர் 1850ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஸேஸர் ரிட்ஸ் என்பவர். இலண்டன் மாநகரில் 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஸவோய் ஹோட்டலையும், பின்னர்ப் பாரிஸ் நகரில் 1898இல் தம் பெயராலேயே தொடங்கிய ஹோட்டலையும் அவர் நடத்தினார். எவருக்கு எந்த அறை உகந்தது, எவர் எதை விரும்பி உண்பார், எவருக்கு எது ஆகாது என்பனவெல்லாம் அவர் அறிந்து வைத்திருந்தார். அரச குடும்பத்தாரும் செல்வரும் அவர் எந்த ஹோட்டலுக்கு மாறினாலும் அவரைப் பின்தொடர்ந்தனர். கட்டிடத்தின் மீதன்று, தம்மை மறவாத மனிதர் மீதே அவர்கள் பற்று வைத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். ஆயினும் இம்முறைக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அது பெருஞ் செல்வர்க்கே கிட்டியது. மற்றொன்று, எல்லாம் ஒரு மனிதரின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது. 1902ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா திடீரெனப் பின்போடப்பட்டபோது, பெருவிருந்துகளுக்கு ஆயத்தம் செய்திருந்த ரிட்ஸ் மனமுறிவுற்று வீழ்ந்தார். அதன்பின் அவர் பழைய நிலையை அடையவேயில்லை.

இக்காலத்திலே அமெரிக்காவில் வேறொரு கொள்கை உருவாயிற்று. எல்ஸ்வேர்த் ஸ்டாட்லர் என்பவர் 1908ஆம் ஆண்டில் பஃபலோ நகரில் ஒரு ஹோட்டலைத் திறந்தார். ஒன்றரை டொலர் கட்டணத்தில் அறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் தரப்படும் என்பது அவர் செய்த விளம்பரம். இளவரசர் ஒருவரின் விருப்பத்தை நினைவில் வைப்பதற்குப் பதிலாக, வணிகப் பிரயாணி எவருக்கும் ஒரே தரத்தில், ஒரே வசதியை, ஒரே ஒழுங்கில் அளிப்பதே அவருடைய இலட்சியம். இஃது உண்மையில் ஒரு சமத்துவப் புரட்சியாகும். இதனை அடுத்த படிக்குக் கொண்டுசென்றவர் மெம்ஃபிஸ் நகரத்துக் கெமன்ஸ் வில்சன். 1951ஆம் ஆண்டில் மனைவி மக்களுடன் மோட்டார்ப் பிரயாணம் சென்ற அவர், வழியிலிருந்த விடுதிகள் குழந்தைகளுக்கும் தனிக் கட்டணம் அறவிட்டதைக் கண்டு வெறுப்புற்றார். மறு ஆண்டே முதலாவது ஹொலிடே இன் விடுதியைத் திறந்தார். நெடுஞ்சாலை எங்கும் பரவிய அவ்விடுதிகளில், ஓரூரில் காணும் அறையை மற்றோர் ஊரிலும் அவ்வாறே காணலாம். 1965ஆம் ஆண்டில் அக்கம்பனி தன் விடுதிகளையெல்லாம் இணைத்துக் கணினி மூலம் அறை பதிவு செய்யும் முறையையும் நிறுவியது.

இவ்வளர்ச்சியினுள்ளே ஒரு முரண்பாடு ஒளிந்திருந்தது. எல்லா அறைகளும் ஒன்றுபோல் இருக்குமாயின், பிரயாணி ஒரு கம்பனியை விட்டு மற்றொரு கம்பனிக்குப் போகாதிருக்கக் காரணம் என்ன? ரிட்ஸின் விருந்தினர் அவரை விட்டுப் போகாமைக்குக் காரணம் இருந்தது. ஒழுங்கும் தரமும் எங்கும் பரவியபின், அக்காரணம் மறைந்துவிட்டது. மறைந்த பற்றுக்கு மாற்றாக ஒன்றைத் தேட வேண்டிய நிலை ஹோட்டல்காரருக்கு ஏற்பட்டது.

அந்த மாற்று, கடைத்தெருவிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் வந்தது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டிலேயே ஸ்பெர்ரி, ஹச்சின்ஸன் என்னும் இருவர் வியாபார முத்திரைகளை விற்கத் தொடங்கினர். கடைக்காரர் அம்முத்திரைகளை வாங்கி, சாமான் வாங்குவோருக்குக் கொடுப்பர். அவர்கள் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொள்வர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியபோது, விமானக் கம்பனிகளிடையே கடும் போட்டி மூண்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பனியிடம் சேபர் என்னும் பதிவுக் கணினி இருந்தது. அதன் ஏடுகளில் மீண்டும் மீண்டும் வரும் தொலைபேசி எண்களைக் கொண்டு, அடிக்கடி பறப்பவர் யாவர் என்பதைக் கம்பனி கண்டறிந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில், பறந்த மைல்களைக் கணக்கிட்டு இலவசப் பயணம் அளிக்கும் திட்டத்தை அது தொடங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் ஹோட்டல்கள் அவ்வழியே சென்றன. ஹொலிடே இன் கம்பனியும் மேரியட் கம்பனியும் 1983இல் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. ஹில்டன் கம்பனி 1987இல் தன் திட்டத்தை ஆரம்பித்தது. நம் கொழும்பு நகரில் ஹில்டன் ஹோட்டல் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான்.

இத்திட்டங்கள் இயங்கும் விதத்தைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். தங்கும்போது செலுத்தும் பணத்துக்கேற்பப் புள்ளிகள் சேர்கின்றன. சேர்ந்த புள்ளிகளுக்கு இலவச அறை கிடைக்கின்றது. ஆண்டில் பல இரவுகள் தங்குவோர் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் படிப்படியாக உயர்த்தப்படுகின்றனர். அலுவல் காரணமாகப் பிரயாணம் செய்பவரின் கட்டணத்தைச் செலுத்துபவர் பெரும்பாலும் அவருடைய முதலாளி. புள்ளிகளைப் பெறுபவரோ ஊழியர். எனவே மலிவான விடுதி பக்கத்தில் இருப்பினும், ஊழியர் தமக்குப் புள்ளி தரும் ஹோட்டலையே நாடுவார். பிறர் பணத்தால் வாங்கப்படும் பற்று இது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர்ப் பலகையில் காணும் கம்பனியே கட்டிடத்தின் சொந்தக்காரர் என நாம் எண்ணுகின்றோம். பெரும்பாலும் அஃது அவ்வாறன்று. மேரியட் கம்பனி 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தபோது, ஹோட்டல்களை நடத்தும் தொழில் ஒன்றிடமும், கட்டிடச் சொத்துக்கள் மற்றொன்றிடமும் சென்றன. இன்று பெருங் கம்பனிகளின் பெயரைத் தாங்கும் ஹோட்டல்களிற் பெரும்பாலானவை வேறு உரிமையாளர்க்குச் சொந்தமானவை. புள்ளிகளை வழங்குவதாக வாக்களிப்பவர் ஒருவர். அவ்வாக்கை நிறைவேற்ற அறை கொடுப்பவர் வேறொருவர். இலவச அறைக்கெனக் கம்பனி உரிமையாளருக்குக் கொடுக்கும் தொகை வழக்கமான வாடகையிலும் குறைவாயிருக்கும்போது, கூட்டம் மிகுந்த நாட்களில் அவர் அறை தரத் தயங்குவது இயல்பே.

இத்தயக்கத்தால் விளைந்தவை விலக்கு நாட்கள். பண்டிகையும் விடுமுறையும் வரும் காலங்களில் புள்ளிகள் செல்லாது எனக் கம்பனிகள் விதித்தன. ஆண்டு முழுவதும் சேர்த்தவர், குடும்பத்துடன் ஓய்வு பெற விரும்பும் அந்நாளில் வெறுங்கையராய் நின்றார். இக்குறையை முதலில் துணிந்து திருத்தியது ஸ்டார்வுட் கம்பனியாகும். 1999ஆம் ஆண்டில் அது தொடங்கிய திட்டத்தில் விலக்கு நாட்களே இல்லை. சாதாரண அறை ஒன்று விற்பனைக்கு இருக்குமாயின் அதனைப் புள்ளி கொடுத்தும் பெறலாம். பயணிகள் இதனைப் பெரிதும் வரவேற்றனர். பின்னர் ஏனைய கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றலாயின. கொடுத்த வாக்கை எளிமையாக்குதலே சிறந்த சீர்திருத்தம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

எனினும் புள்ளியின் அடிப்படைக் குறை இதனால் நீங்கிவிடவில்லை. புள்ளி என்பது ஒருவகை நாணயம். அதனை அச்சிடுபவரும், அதன் மதிப்பை நிர்ணயிப்பவரும், அதனைச் செல்லாததாக்கும் அதிகாரம் உடையவரும் ஒருவரே. இந்நாணயம் எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது என்பதை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்த அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், ஹில்டன் கம்பனி தன் புள்ளிகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பனிக்கு முன்கூட்டியே விற்று 100 கோடி டொலர் திரட்டியது. அறைகள் விலைபோகாத வேளையில், வருங்கால அறைகளைப் பற்றிய வாக்குறுதி விலைபோயிற்று. விருந்தினரின் இரவுகளிலிருந்து பிறந்த புள்ளி, கடனட்டை மூலம் அங்காடியிலும் எண்ணெய் நிலையத்திலும் சேர்க்கப்படும் பண்டமாகிவிட்டது. அச்சடிக்கும் நாணயம் பெருகினால் அதன் மதிப்புக் குறையும் என்பது பொருளியலின் முதற் பாடம். மேரியட் கம்பனி 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என முன்கூட்டி அறிவிக்கும் நிலையான அட்டவணையைக் கைவிட்டது. அதன்பின் வாடகையைப் போலவே புள்ளிக் கணக்கும் நாளுக்கு நாள் மாறலாயிற்று.

ஒருதலையாக விதிகளை மாற்றுதல் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988ஆம் ஆண்டில் செய்த மாற்றங்கள், முன்பே சேர்த்த மைல்களின் பயனைக் குறைத்தன என அங்கத்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறும் அளவில் அவ்வழக்கைத் தொடரலாம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆனால் 2014ஆம் ஆண்டில் வேறொரு வழக்கு அதே மன்றத்துக்கு வந்தது. நோர்த்வெஸ்ட் விமானக் கம்பனி அங்கத்தவர் ஒருவரைத் தன் திட்டத்திலிருந்து நீக்கியிருந்தது. தானே தீர்மானித்து அவ்வாறு செய்யும் உரிமையை ஒப்பந்தத்தில் முன்னரே எழுதி வைத்திருந்தது. அவ்வழக்கிற் கம்பனியே வென்றது. இவை விமானச் சட்டத்தைத் தழுவிய தீர்ப்புகளாயினும், ஹோட்டல் விருந்தினர்க்கும் ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. ஒப்பந்தத்தை எழுதுபவர் தமக்கே எல்லா அதிகாரத்தையும் எழுதிக்கொள்வாராயின், மற்றவர் கையிலிருப்பது பாதி அடையாளமன்று, வெறும் இரசீதே.

ரிட்ஸ் காட்டிய வழி அழிந்துவிட்டதா எனில், இல்லை. புள்ளித் திட்டங்கள் பிறந்த அதே 1983ஆம் ஆண்டில், அவர் பெயரைத் தாங்கிய ரிட்ஸ்-கார்ல்டன் கம்பனி அமெரிக்காவில் புதிதாக அமைக்கப்பட்டது. அங்கே பணியாளர் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு வைத்திருந்து, விருந்தினர் விரும்பியவற்றையும் வெறுத்தவற்றையும் குறித்தனர். அக்குறிப்புகள் கணினியிற் பதியப்பட்டு மற்ற ஊர்களிலுள்ள ஹோட்டல்களுக்கும் கிடைத்தன. விருந்தினர் ஒருவரின் குறையைத் தீர்ப்பதற்கு 2,000 டொலர் வரை தாமே செலவிடும் உரிமை சாதாரணப் பணியாளருக்கும் அளிக்கப்பட்டது. ஒரு மனிதரின் தலையிலிருந்த ஞாபகம் இவ்வாறு பலர் கைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தரத்துக்கென அமெரிக்க அரசாங்கம் வழங்கும் மால்கம் போல்ட்ரிஜ் விருதை அக்கம்பனி 1992இலும் 1999இலும் பெற்றது.

ஆனால் ஞாபகத்தைச் சேமிப்பவர் அதனைக் காக்கவும் வேண்டும். மேரியட் கம்பனி 2016ஆம் ஆண்டில் ஸ்டார்வுட் கம்பனியை வாங்கியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், ஸ்டார்வுட் பதிவேடுகளினுள்ளே 2014ஆம் ஆண்டு முதலே அந்நியர் நுழைந்திருந்தனர் என்னும் செய்தியை அது வெளியிட்டது. 50 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என முதலில் அறிவிக்கப்பட்டது; பின்னர் அவ்வெண்ணிக்கை 38 கோடியே 30 இலட்சம் பதிவுகள் எனக் குறைக்கப்பட்டது. மறைகுறியிடப்படாத கடவுச்சீட்டு இலக்கங்கள் மாத்திரம் 50 இலட்சத்துக்கு மேல் அவற்றில் இருந்தன. பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2020ஆம் ஆண்டில் மேரியட் கம்பனிக்கு 1 கோடியே 84 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. மிகுந்த பற்றோடு மீண்டும் மீண்டும் வந்தவரின் விபரங்களே அங்கு மிகுதியாகச் சேர்ந்திருத்தல் இயல்பு. பற்று மிகுந்தவரே அபாயத்துக்கும் மிகுதியாக உட்பட்டனர் என்பது வருந்தத்தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, புள்ளியின் மதிப்பை மாற்றுவதாயின் நீண்ட கால முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். முன்பே சேர்த்த புள்ளிகளைப் பழைய மதிப்பிலேயே செலவிட இடமளித்தல் வேண்டும். அப்போதுதான் விருந்தினர் கையிலும் ஒரு பாதி உண்டு என்று கூறலாம். இரண்டாவது, செலவிட்ட பணத்தை எண்ணுவதோடு வந்த மனிதரையும் அறிதல் வேண்டும். முதலாளியின் பணத்தில் நூறு இரவுகள் தங்கும் அதிகாரிக்குப் பிளாட்டினப் படியை அளிக்கும் கம்பனி, தன் சொந்த உழைப்பின் ஊதியத்தில் ஆண்டுக்கொருமுறை அதே ஹோட்டலுக்குப் பத்து ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வருபவரைப் புதியவராகவே நடத்துகின்றது. இவ்விருவருள் உண்மையான பற்றுடையவர் யார் என்பதை வாயிற்காவலரும், அறையைத் துப்புரவு செய்பவரும் அறிவர். அவர்கள் அறிந்ததைக் கேட்பதற்குத் தலைமை அலுவலகம் வழி செய்தல் வேண்டும். மூன்றாவது, தேவைக்கு மேற்பட்ட விபரங்களைத் திரட்டாதிருத்தலும், திரட்டியவற்றைக் காத்தலும், விருந்தினர் வேண்டியபோது அழித்துவிடுதலும் உபசாரத்தின் பகுதியாகவே கருதப்படல் வேண்டும்.

2024ஆம் ஆண்டின் முடிவில் மேரியட் திட்டத்தில் மாத்திரம் 20 கோடிக்கு மேற்பட்டோர் அங்கத்தவராயிருந்தனர். இத்தனை பேரையும் ரிட்ஸ் தம் விருந்தினரை அறிந்ததுபோல் அறிதல் எவராலும் ஆகாது. ஆகையால் புள்ளிகளும் கணக்கேடுகளும் வேண்டியவையே. ஆனால் கணக்கு வைத்திருத்தல் நட்பாகிவிடாது. கணக்கை நேர்மையாக வைத்திருத்தலோ நட்புக்கு முதற்படி. முறித்த அடையாளத்தின் இரு பாதிகளும் பொருந்தும் என்னும் நம்பிக்கை இருந்தமையால்தான் பண்டைப் பிரயாணி அஞ்சாது கடல் கடந்து சென்றார். அந்நம்பிக்கையை இன்றைய பிரயாணிக்கும் அளிக்கும் ஹோட்டலுக்கு, விருந்தினர் தாமே மீண்டும் வருவர்.